லென்ஸ் வளையத்துக்குச் சத்தமில்லாத பூட்டு செய்ய முடியுமா?

நீங்கள் கேட்டது இது: லென்ஸின் ஜூம் வளையத்தையும் அபெர்ச்சர் வளையத்தையும் (ஒளி நுழையும் துவாரத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வளையம்) பூட்டும்போதும் விடுவிக்கும்போதும் வருகிற ‘டிக்’ வீடியோவில் பதிவாகிவிடுகிறது, மெக்கானிக்கல் இறுதியாண்டு புராஜெக்டாகச் சத்தமே வராத பூட்டு ஒன்றைச் செய்ய நினைக்கிறீர்கள், அதற்கு ரப்பர் நல்லதா, நைலான் நல்லதா? பொருளைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. ‘பூட்டியாகிவிட்டது, கையை எடுக்கலாம்’ என்று சொல்வது அந்த டிக்தான். கண் வ்யூஃபைண்டரில் இருக்கிறது, கை லென்ஸுக்கு அடியில் இருக்கிறது; அந்த நேரத்தில் இந்தச் செய்தி வேறு வழியில் வராது. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால், பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கை திரும்பத் திரும்ப வளையத்தை ஆட்டிப் பார்க்கும். படமும் ஆடும். ஆகவே காதுக்குப் போகிற செய்தியை விரலுக்குத் திருப்பிவிடுவதுதான் உங்கள் புராஜெக்ட். அதைப் பிடித்துக்கொண்டால் ரப்பரா நைலானா என்பது பிறகு தானாகத் தெளியும்.

நான் 18 வருடமாகப் பழைய கைமுறை லென்ஸ்களைப் பழுதுபார்க்கிறேன். வீடியோ எடுப்பவர்களுக்காக வளையங்கள், கிளாம்ப்கள், பூட்டுகள் லேத்தில் கடைந்து கொடுப்பதும் உண்டு. எலக்ட்ரானிக் லென்ஸ்களின் உட்புறம் என் களம் அல்ல. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு ஆவணப்படக்காரர். வயதான ஒரு அம்மாவை உட்காரவைத்துப் பேட்டி எடுத்திருந்தார். அந்த அம்மா ஒரு வாக்கியத்தை முடித்து, அடுத்ததைத் தொடங்குமுன் நெடுநேரம் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தின் நடுவில் டிக். இவர் ஜூம் நழுவாமல் இருக்கப் பூட்டைத் தள்ளியிருக்கிறார். அதைத் துடைத்தெடுக்க எவ்வளவோ முயன்றும், அந்த இடத்தின் மூச்சுச் சத்தமும் சேர்ந்து போய்விடுகிறது என்று வருத்தப்பட்டார். அவர் போட்டுக் காட்டியதைக் கேட்ட பிறகு எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். பழைய கைமுறை லென்ஸ் ஒன்றின் அபெர்ச்சர் வளையத்தைக் கழற்றினால், உள்ளே ஒரு சிறு பேரிங் குண்டு இருக்கும், கடுகளவுதான். அதன் முதுகில் ஒரு மெல்லிய தகடு ஸ்பிரிங். வளையத்தின் உள்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள். வளையத்தைத் திருப்பும்போது குண்டு மேட்டில் ஏறுகிறது, ஸ்பிரிங் வளைகிறது, மேட்டைத் தாண்டியதும் ஸ்பிரிங் குண்டைப் பள்ளத்துக்குள் அடிக்கிறது. அது முதல் மோதல். அதே நொடியில் பள்ளத்தின் சரிவு வளையத்தையும் முன்னோக்கித் தள்ளிவிடுவதால், வளையம் சற்றே பாய்ந்து எதிர்ச் சரிவில் முட்டுகிறது. இது இரண்டாவது மோதல். பலர் முதல் மோதலை மட்டும் கவனித்துக் குண்டை மாற்றுகிறார்கள், சத்தம் பாதிதான் குறைகிறது. தள்ளும் ஸ்விட்ச் உள்ள பூட்டாக இருந்தால் மூன்றாவது ஒன்றும் உண்டு: ஸ்விட்சின் குமிழ், ஓட்டத்தின் கடைசியில் சுவரில் போய் இடிப்பது. ஜூம் பூட்டுகளில் பெரும்பாலும் இதுதான் பெரிய சத்தம்.

இதில் கணக்கு போட்டுப் பார்க்கக்கூடிய பகுதி, மோதலின் ஆற்றல். குண்டின் எடை இங்கே பொருட்டே இல்லை, 1.5 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு ஏறக்குறைய 14 மில்லிகிராம்தான். ஆற்றல் வருவது ஸ்பிரிங்கிலிருந்து: ஸ்பிரிங்கின் விசையை, குண்டு விழுகிற ஆழத்தால் பெருக்கினால் கிடைப்பது. 2 நியூட்டன் விசை, 0.3 மி.மீ. ஆழம் என்றால் 0.6 மில்லிஜூல். ஆனால் வளையத்தைப் பிடித்து நிறுத்துகிற வலு, விசையையும் சரிவின் கோணத்தையும் பொறுத்தது. ஆழத்தைப் பொறுத்தது அல்ல. அப்படியானால் கோணத்தை வைத்துக்கொண்டு ஆழத்தைக் குறைத்தால், பிடிப்பு குறையாமல் சத்தம் குறையும். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. சரிவு 45 பாகை என்றால், 1.5 மி.மீ. குண்டு விளிம்பில் தொங்காமல் சரிவிலேயே உட்கார சுமார் 0.22 மி.மீ. இறங்க வேண்டும். 1 மி.மீ. குண்டுக்கு 0.15 போதும். அதாவது குண்டைச் சிறிதாக்குவது சத்தத்தைக் குறைக்க நேரான வழி, அதற்குச் செலவும் கிடையாது. கூடவே மேட்டின் உச்சியைக் கூராக விடாமல் அலை போல உருட்டிவிடுங்கள். அப்போது குண்டு விழாது, இறங்கும். இறங்கும் வேகம் உங்கள் விரலின் வேகமாக இருக்கும். மோதும் வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகும். டெசிபலில் சொன்னால் 6 குறையும்.

அப்புறம்தான் பொருள். எஃகு எஃகில் மோதினால் தொடர்பு நேரம் மிகக் குறைவு, அதனால் சத்தம் கூர்மையாக, உயர் அதிர்வெண்ணில் வரும். நம் காது அதிகம் உணர்வது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை, டிக் வந்து விழுவதும் அங்கேதான். குண்டுக்குப் பதிலாக டெல்ரின் (கெட்டியான, வழவழப்பான ஒரு பிளாஸ்டிக்) முனை போட்ட ஒரு சிறு கம்பியை வைத்தால் மோதல் நீண்டு, மழுங்கி, ‘டிக்’ ‘தொப்’பாக மாறும். ஆற்றல் கொஞ்சம்தான் குறைந்திருக்கும், ஆனால் காதுக்கு வெகுவாகக் குறைந்தது போலத் தெரியும். இவ்வளவும் உறுதி. முனை எத்தனை வருடம் தேயாமல் இருக்கும் என்பது எதிரே இருக்கும் உலோகத்தின் வழவழப்பைப் பொறுத்தது. ஹார்டு அனோடைஸ் செய்த (மேற்பரப்பைக் கடினமாக்கிய) அலுமினியம் சொரசொரப்பாக இருந்தால் அரம் போல அறுத்துவிடும். அங்கே மெருகேற்றிய பித்தளை நல்லது. இன்னொரு எச்சரிக்கை: டெல்ரின் நன்றாக இருக்கிறதே என்று வளையம் முழுவதையும் அதில் கடைந்துவிடாதீர்கள். வெப்பத்தில் அது அலுமினியத்தைப் போல நான்கைந்து மடங்கு விரியும். 70 மி.மீ. விட்டத்தில், நிழலிலிருந்து வெயிலுக்கு வந்து 20 பாகை சூடேறினால், இரண்டுக்கும் இடையில் விட்டத்தில் 0.12 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அலுமினியக் குழலுக்குள் இருந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வெளியே இருந்தால் கலகலத்துவிடும். டெல்ரின் சிறு துண்டுகளாக மட்டும் இருக்கட்டும்.

சத்தம் மைக்குக்குப் போகிற பாதையையும் மறக்கக் கூடாது. கேமராவின் உள் மைக்கோ, கேமராவின் தலையில் உள்ள ‘ஷூ’ என்கிற பொருத்தில் மாட்டிய மைக்கோ, இரண்டும் லென்ஸோடு உலோகத்தால் இணைந்தவை. அறையில் நிற்பவருக்குக் கேட்காத சத்தமும் உலோகம் வழியாகப் பயணம் செய்து மைக்கில் இடி போல விழும். ஒரு லென்ஸை மரமேசையில் நிமிர்த்தி வைத்து வளையத்தைத் திருப்பிக் கேளுங்கள், பிறகு நான்காக மடித்த துண்டின் மேல் வைத்துத் திருப்புங்கள். வித்தியாசம் உடனே தெரியும். மேசை, வீணையின் குடம் போல வேலை செய்கிறது. லென்ஸின் மெல்லிய குழலும் அதையேதான் செய்கிறது. பூட்டு அமர்ந்திருக்கும் சிறு பெட்டியைக் குழலில் நேராகத் திருகாமல், நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட் வைத்து, திருகின் தலைக்கு அடியிலும் ஒரு ரப்பர் வாஷர் போடுங்கள். திருகு ஒன்று மட்டும் உலோகத்தோடு உலோகமாக இருந்துவிட்டால் அது போதும், சத்தம் அந்த வழியாக ஓடிவிடும்.

இதுவரை சொன்னது குண்டும் பள்ளமுமாக இருக்கிற பூட்டைச் சாந்தப்படுத்துவது. ஜூம் வளையத்துக்கு அந்த வகையே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பட்டையை அழுத்தி உராய்வால் பிடிக்கிற பூட்டில் விழுவதும் இல்லை, மோதுவதும் இல்லை. எந்த இடத்திலும் பூட்டலாம். எவ்வளவு பிடிப்பு வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். முன்பக்கக் கண்ணாடித் தொகுதி 400 கிராம், அது 40 மி.மீ. வெளியே நீள்கிறது, அதற்கு வளையம் 70 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். லென்ஸைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் வளையத்தில் வரும் முறுக்கு விசை சுமார் 0.13 நியூட்டன் மீட்டர். நடக்கும்போது வரும் குலுக்கலுக்காக மூன்று மடங்கு வைத்தால் 0.4. 35 மி.மீ. ஆரத்தில் அது 11 நியூட்டன் சொச்சம். பட்டையின் உராய்வுக் கெழு 0.3 என்றால், 37, 38 நியூட்டன் அழுத்தம் தேவை. ஒரு கட்டைவிரல் நெம்பி கொடுக்கக்கூடிய அளவுதான். அந்த நெம்பியின் அடியில் மையம் தள்ளிய கேம் (நடுவில் அல்லாமல் சற்று விலகிய அச்சில் சுழலும் வட்டு) ஒன்றை வைத்தால், கையை எடுத்தாலும் திரும்பி வராது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உராய்வுக் கெழு 0.1 என்றால், கேமின் விட்டம் மையத் தள்ளலைப் போல 20 மடங்காவது இருக்க வேண்டும். 10 மி.மீ. கேமுக்கு அரை மி.மீ. தள்ளல், அதற்கு மேல் கூடாது. கிரீஸ் பட்டால் உராய்வு இன்னும் குறையும், அப்போது இந்தக் கணக்கு உதவாது. கேமில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வடிவமைப்பின் பொறுப்பு.

என் முதல் உராய்வுப் பூட்டில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஒரே ஒரு ரப்பர் பட்டை, ஒரு பக்கத்திலிருந்து குழலை அழுத்தும்படி செய்தேன். பூட்டும்போது துளிச் சத்தம் இல்லை. ஆனால் திரையைப் பார்த்தால், பூட்டிய கணத்தில் படம் ஒரு பக்கமாக நகர்கிறது, ஒரு மூலை மட்டும் மங்குகிறது. ஒரு பக்க அழுத்தம் உள்குழலை அதன் இடைவெளி இருக்கும் அளவுக்குச் சாய்த்துவிட்டது. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதி மையம் விலக, ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்கு போதும், படத்தில் தெரிந்துவிடும். அதைவிட மோசமானது இரண்டு வாரம் கழித்து வந்தது. கோடை வெயிலில் காரில் கிடந்த லென்ஸில் ரப்பர் ஒட்டிக்கொண்டது. விடுவிக்கும்போது கிரீச் என்று ஒரு சத்தம், பழைய டிக்கே தேவலை என்பது போல. ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி நடப்பதால் வருகிற கிரீச் அது. இப்போது நான் 120 பாகை இடைவெளியில் மூன்று பட்டைகள் வைக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் 12, 13 நியூட்டன். பட்டை தோல் அல்லது இறுக்கமான கம்பளி ஃபெல்ட். இவை ரப்பர் போல ஒட்டிக்கொள்வதில்லை. ரப்பரா நைலானா என்று கேட்டீர்களே, ஜூம் பூட்டின் உராயும் முகத்துக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில்: ஒன்று ஒட்டும், ஒன்று வழுக்கும்.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படி அணுகியிருக்கின்றன என்று பார்த்தாலும் பாடம் கிடைக்கும். நிக்கானின் ஏ.எஃப்.-டி வரிசை லென்ஸ்களில் அபெர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய துவாரத்தில் நிறுத்த தள்ளும் ஸ்விட்ச் ஒன்று உண்டு, குட்டியாக; படம் எடுக்கும்போது அதைத் தொட வேண்டியதே இல்லை என்பதால் சத்தம் பிரச்சினையாக இருந்ததில்லை. கேனனின் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸில், 1998-இல் வந்ததிலும் சரி, 2014-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் சரி, ஜூமின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வளையம் இருக்கிறது. டாம்ரான் 2016-இல் கொண்டுவந்த 150-600-இன் இரண்டாம் தலைமுறையில் ஜூம் வளையத்தையே முன்னே தள்ளினால் எந்த இடத்திலும் பூட்டிக்கொள்ளும், பின்னே இழுத்தால் விடும். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். தனி ஸ்விட்சைத் தேடி விரல் அலைய வேண்டாம். பிடித்திருக்கும் கையே வளையம் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளும். சிக்மாவின் 150-600-இல் பூட்டியிருந்தாலும் வளையத்தைத் திருப்பினால் பூட்டு தானே விடுபடும், எதுவும் உடையாது. அபெர்ச்சர் பக்கம், சைஸ் (Zeiss) நிறுவனத்தின் லாக்ஸியா வரிசையில் மவுன்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் இடம்) அருகே உள்ள சிறு திருகைத் திருப்பி கிளிக்கை நீக்கலாம். சோனியின் 2022-ஆம் வருட 24-70 ஜி.எம். இரண்டாம் பதிப்பில் கிளிக்குக்கு ஒரு ஸ்விட்ச், அபெர்ச்சர் பூட்டுக்கு ஒரு ஸ்விட்ச், ஜூம் இறுக்கத்துக்கு ஒரு ஸ்விட்ச் என்று மூன்றும் தனித்தனி. சினிமா லென்ஸ்களோ பெரும்பாலும் பூட்டையே வைத்துக்கொள்வதில்லை. தடித்த கிரீஸின் இழுவைதான் அங்கே வளையத்தை நிறுத்துகிறது. அது அருமையான முறை. ஆனால் குளிரில் கிரீஸ் இறுகும், வெயிலில் இளகும், மெதுவான தொடர்ந்த பாரத்தை அது நிரந்தரமாகத் தாங்காது. கிரீஸ் வேகத்தை எதிர்க்கும், எடையை அல்ல. நீளும் ஜூமுக்கு அது மட்டும் போதாது.

இப்போது விரலுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உராய்வுப் பூட்டின் குறை, இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் ‘எப்போது பூட்டியது’ என்று தெரியாமல் போவது. இதற்கு நான் இரண்டு ஏற்பாடு செய்கிறேன். ஒன்று, நெம்பியின் ஓட்டம் 60 பாகை. இறுக்கம் ஏறி, 50 பாகையில் உச்சம் தொட்டு, கடைசி 10 பாகையில் லேசாகத் தளர்கிறது. கேமின் உச்சியில் ஒரு சின்ன தட்டையான முகம் ராவிவிட்டால் இது கிடைக்கும். அந்தத் தளர்வை விரல் தெளிவாக உணரும். பெட்டியின் மூடி மூடிக்கொள்வது போல இருக்கும். ஓட்டத்தின் முடிவில் நெம்பி உலோகத்தில் இடிக்காமல், ஒரு சிறு ஓ-ரிங்கில் போய் அமர வேண்டும். இரண்டு, நெம்பியின் தலையில் ஒரு புள்ளி மேடு, அசையாத உடலில் ஒரு புள்ளி மேடு. பூட்டியிருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விரல் ஒரு முறை தடவினாலே போதும், அசைத்துப் பார்க்கத் தேவையில்லை. இருட்டில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டாவதற்காகத்தான் என்னிடம் திரும்பி வருகிறார்கள்.

காந்தத்தைப் பற்றியும் யோசிப்பீர்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். சிறு நியோடிமியம் காந்தங்களை எதிரெதிரே வைத்தால் தொடாமலே ‘பள்ளம்’ கிடைக்கும், சத்தம் சுத்தமாக இராது, விரலுக்கும் அழகாகத் தெரியும். கைமுறை லென்ஸின் அபெர்ச்சர் வளையத்துக்கு நான் செய்து பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது. ஜூமின் எடையைத் தாங்க அது போதாது. எலக்ட்ரானிக் லென்ஸில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அதிர்வைத் தடுக்கும் பகுதியே காந்தங்களாலும் காந்தப்புலத்தை அளக்கும் சென்சார்களாலும் இயங்குகிறது. பக்கத்தில் அந்நியக் காந்தம் வந்தால் என்ன ஆகும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும்.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலியளவைத் தானாக மாற்றாத ரெக்கார்டிங் ஆப் ஒன்றில், போனை 30 செ.மீ. தள்ளி வைத்து, பழைய பூட்டை இருபது முறை, புதியதை இருபது முறை பதிவு செய்யுங்கள். அதையே கேமராவின் மைக்கிலும் செய்யுங்கள், உலோகம் வழியாகப் போகிற சத்தம் அங்கேதான் தெரியும். போன் காட்டும் டெசிபல் எண்ணை அறிக்கையில் அப்படியே எழுதாதீர்கள். இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள், அதுதான் நம்பத்தக்கது. அப்புறம் ஐந்து நண்பர்களின் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். வளையத்தைத் திருப்பக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஐவரும் சரியாகச் சொல்லும் வரை நெம்பியைத் திருத்துங்கள்.

தொடங்குவதற்கு நல்ல லென்ஸ் எதையும் திறக்க வேண்டாம். பூஞ்சை பிடித்து யாரும் சீண்டாத பழைய 50 மி.மீ. கைமுறை லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அபெர்ச்சர் வளையத்தைக் கழற்றும்போது, லென்ஸையும் உங்கள் இரண்டு கைகளையும் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு கழற்றுங்கள். வளையம் விலகும் அந்த நொடியில் குண்டு தெறித்து ஓடும். பைக்குள் ஓடினால் அதைப் பிடித்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிடச் சிறிய குண்டிலிருந்து உங்கள் முதல் சோதனையைத் தொடங்கலாம்.